வேலையை விட்ட பின் கமிஷன் வந்தால்...

புதுச்சேரி நேரு வீதிக் கடையிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ விற்பனை வேலையை விட்டவர்கள் கவனத்துக்கு:

• முன்னாள் முதலாளி தரும் பழைய கமிஷனும் சம்பள வருமானமே. சம்பளத்தைப் போலவே டிடிஎஸ் பிடிப்பார்கள்.

• வேறு வேலையில் சேர்ந்திருந்தால், புதிய நிறுவனத்திடம் இந்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், நிலையான கழிவை இருவருமே கழித்துவிட, ரிட்டர்ன் போடும்போது வரி பாக்கி நிற்கும்.

• முந்தைய ஆண்டு நிலுவை இப்போது சேர்ந்து வந்து வரி கூடுகிறதா? நிவாரணம் கேட்கலாம். அதற்கான படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே இணையத்தில் தாக்கல் செய்துவிடுங்கள்.

• எல்ஐசி முகவர் கமிஷன் சம்பளக் கணக்கில் வராது. ஆண்டுக்கு ரூ.20,000-ஐத் தாண்டினால் 2% டிடிஎஸ் உண்டு.

• வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் போடுங்கள். பிடித்த பணம் உங்களுடையது, திரும்ப வாங்குங்கள்.