கீமோ விஷமாம், இலைச்சாறு அமுதமாம்!

குளுவாங், சிகாமட் பக்கமிருந்து ஜொகூர்பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குக் கீமோவுக்குப் போகிறவர்களுக்கு அறிவுரைப் பஞ்சமே கிடையாது. "அந்த மருந்து விஷம்ணே, உடம்பையே கருக்கிடும். டுரியான் பெலண்டா இலையைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. இல்லாட்டி சபா பாம்புப்புல்." சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதுதான் சிக்கல், அன்பாகச் சொல்வதைத் தட்ட முடிவதில்லை.

விஷம் என்பது முழுப்பொய்யும் அன்று. போரில் வீசிய கடுகு வாயுவுக்கு நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றிப் பார்த்ததில்தான் கீமோவின் கதை தொடங்குகிறது. ஆனால் கீமோ ஒரு பக்கம், இலை இன்னொரு பக்கம் என்று கோடு கிழிப்பது தவறு. தோட்டத்து வீட்டு வாசல்களில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணி இலையிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும். இனிப்புநீருக்கு மருந்து தேடிய ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், எலிகளின் சர்க்கரை குறையாமல் வெள்ளணுக்கள் குறைவதைப் பார்த்து, 1958-இல் கனடாவில் வின்பிளாஸ்டினைக் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் அந்த இலையையே கொதிக்கவைத்துக் குடிக்கலாமே? கூடாது. ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு ஏற்றுவதோ, பெரியவர்களுக்கும் பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்குள். சாற்றில் மருந்து எவ்வளவு, வேறு நச்சு எவ்வளவு என்று யார் அளந்து கொடுப்பது? மற்ற இலைச்சாறுகளும் அப்படித்தான். ஈரலைப் பாதிக்கலாம், கீமோவின் அளவைக் குழப்பலாம். குடித்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் மறைக்காமலாவது இருங்கள்.

பக்கவிளைவு ஏன்? உயிரணு இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளைப் பங்கிட்டு இழுக்கும் நுண்ணிழைகள் உண்டு. வின்கிறிஸ்டின் அவற்றை உருவாகவிடாது. உயிரணு பாதியில் நின்று செத்துப்போகும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. புற்றணுவைப் போலவே ஓயாமல் பிரிகிற முடிவேர், வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடிபடும். நரம்பணு பிரிவதில்லை என்றாலும் அதே இழைகளை நம்பித்தான் வாழ்கிறது. அதனால்தான் இந்த மருந்தில் கைகால் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும்.

"முடி கொட்டலையே, மருந்து வேலை செய்யலையோ?" எல்லாக் கீமோ மருந்தும் முடியைக் கொட்டவைக்காது. முடிக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கொட்டினாலும், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வாந்தியும் பழைய பயம். இப்போது ஒண்டன்செட்ரோன் போன்றவற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள்.

சத்து மாத்திரையாவது தீங்கில்லாதது என்பார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம்போல் வேடமிட்டுப் புற்றணுவை ஏமாற்றும் மருந்து. அதை எடுக்கும் சமயத்தில் கடையில் வாங்கிய ஃபோலிக் அமிலத்தை இஷ்டத்துக்கு விழுங்கினால் வேடம் பலிக்காமல் போகலாம்.

இவ்வளவு பயத்துக்கும் நடுவில், பயப்பட வேண்டியதை வீட்டில் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள்: காய்ச்சல். கீமோ ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது உடல்சூடு 38 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். வீட்டிலேயே பெனடோல் போட்டுப் படுத்தால் சூடு இறங்கும், கிருமி இறங்காது.