மெஷ் நாற்காலி வாங்கப் போறீங்களா?

குறைந்த விலை என்றால் முதுகு மட்டும் வலையாக, இருக்கை ஃபோமாக உள்ளதையே எடுங்கள். மலிவான வலை இருக்கை சீக்கிரம் தொய்ந்து, முன்பக்கச் சட்டம் தொடையை அழுத்தும். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகுக்குத்தான் காற்று முக்கியம்.

கடையில் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புத் தாங்கி உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தலை சாய்க்கும் பகுதிக்குக் கூடுதல் பணம் தர அவசியமில்லை. டைப் செய்யும்போது தலை அதில் படுவதே இல்லை.

டைல்ஸ் தரைக்கு மிருதுவான பி.யூ. (பாலியூரிதேன்) சக்கரம் நல்லது. கெட்டியான நைலான் சக்கரம் சத்தம் போடும், கீறவும் செய்யும். சக்கரத்தில் சுற்றும் தலைமுடியை அவ்வப்போது கத்தரித்து எடுங்கள். வலைத் தூசிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை அடியில் உள்ள ஸ்குருக்களை முடுக்குங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் போடாதீர்கள், வலை நைந்துவிடும்.

உட்கார்ந்ததும் நாற்காலி தானாக இறங்கினால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் லிஃப்ட் போய்விட்டது என்று அர்த்தம். அதை மட்டும் தனியாக மாற்றலாம். பிரித்துப் பார்க்காதீர்கள்; உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.