ஆக்கலும் காத்தலும்

ஒன்றை ஆக்குதல் அரிது. ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. கணினி விளையாட்டு இயற்றுவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

அமெரிக்க நாட்டினரான ஜோர்டன் மெக்னர் என்பார், 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் விளையாட்டை இயற்றினார். தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அவ்வசைவுகளை அதன் இளவரசனுக்கு அமைத்தார். பல்லாண்டு உழைப்பின் பயனாய் 1989-ஆம் ஆண்டில் அது வெளிவந்து புகழ் பெற்றது. ஆயினும், அதன் மூல நிரல் எங்கே உளது என்பது பின்னாளில் அவருக்கே தெரியாது போயிற்று. 2012-ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் தம் வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். அதனுள் அந்நிரல் பதிந்த நெகிழ்வட்டுகள் இருந்தன. காந்தப் பதிவு நாளடைவில் மங்கும் இயல்பினது. நல்லவேளையாக, வல்லுநர் சிலர் பழைய கருவிகளின் துணையால் நிரலை மீட்டுத் தந்தனர். இது நற்பேறே அன்றிக் காவல் அன்று.

காவல் இருவகைப்படும். முதலாவது, படியெடுத்தல். மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். தீயோ வெள்ளமோ ஓரிடத்தை அழிப்பினும் மற்றோரிடம் எஞ்சும். எடுத்த படியை இடையிடையே திறந்து பார்த்தலும் கடன்.

படி மட்டும் போதுமோ? போதாது. நேற்றுவரை மதிலைத் தாண்டிய வீரன் இன்று பள்ளத்தில் வீழ்கின்றான் எனக் கொள்வோம். பிழையுற்ற நிரலையே படியெடுத்தால், பிழையும் உடன் காக்கப்படும். ஆதலின், இன்ன நாளில், இன்னார், இன்ன காரணம் பற்றி, இன்னதை மாற்றினார் என்னும் வரலாறும் வேண்டும். இதுவே இரண்டாவது காவல். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்கின்றது. பிழை புகுந்த இடத்தை அவ்வரலாற்றில் தேடிக் காணலாம். வேண்டின், முன்னைய நிலைக்கே மீளலாம். புதிய முயற்சியைத் தனிக் கிளையாக நடத்தி, நன்றெனில் சேர்க்கலாம், அன்றெனில் விடுக்கலாம். ஆதலின் அஞ்சாது முயலும் துணிவும் பிறக்கின்றது.

எனினும், வரலாறு முழுவதும் ஒரே வட்டில் இருப்பின், அவ்வட்டுடன் அதுவும் அழியும். படி இழப்பினின்று காக்கும். வரலாறு நம் பிழையினின்று காக்கும். இரண்டும் இணைந்ததே முழுக் காவல்.

மாணவர்களே! இழந்தபின் தேடுதலினும் இழவாமற் காத்தல் எளிது. அன்றன்று செய்த பணியை அன்றன்றே காத்து வைப்பீராக!