எரிந்து அணையும் விளக்கு: எதில் தொடங்குவது?

ஐ.டி.ஐ. சேர்க்கை நேரம் வந்தால் போதும், அப்பாக்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "ஸ்கேனர் கோர்ஸ்ல போட்டுவிடுங்க சார், ஒயர் புடுங்குற வேலையெல்லாம் வேணாம்." பையனும் தலையாட்டுவான். லேப்டாப்பைப் பானட் மேல் வைத்துக்கொண்டு நிற்கும் வீடியோவை அவன் பார்த்திருப்பான். கூட்டாளிகள் அதில்தான் சேர்ந்திருப்பார்கள். இந்த ஆசையின் செலவு கடைசியில் வண்டி ஓனர் தலையில் விடிகிறது. எனவே இது படிக்க வருபவருக்கும் வண்டி வைத்திருப்பவருக்கும் சேர்த்து எழுதியது.

உதாரணத்துக்கு, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓடும் கேரவனை எடுத்துக்கொள்வோம். சேஸிஸ் ஒரு கம்பெனியுடையது, பாடி கட்டியவர் வேறு, உள்ளே ஏசியும் கண்ணாடி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் போட்டவர் இன்னொருவர். மூன்று பேரின் ஒயரும் ஒரே வண்டிக்குள் ஓடுகிறது. டாஷ்போர்டு விளக்கு வருவதும் போவதுமாக இருந்தால் எங்கே தேடுவது?

முதலில் நிறம். சிவப்பு என்றால் ஓரங்கட்டிவிட்டுத்தான் மறு பேச்சு. ஆயில் விளக்கு சூடான ஐடிலில் மினுக்கினாலும் சரி, ஓட்டிப் பார்ப்போம் என்ற வேலை வேண்டாம். திருப்பத்தில் மட்டும் பிரேக் விளக்கு எட்டிப் பார்த்தால் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் திரும்பும்போது ஆயில் ஒருபக்கம் சாய்ந்து மிதவை இறங்கும். பேட்டரி விளக்கு மினுக்கினால் பெல்ட், ஆல்டர்னேட்டர் பிரஷ். இதெல்லாம் தெரிந்த சங்கதி.

மஞ்சள் விளக்குதான் ஆளைச் சுற்றவிடும். வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். வெளியில் ஒரு ஒயரைக்கூட வெட்டவிடாதீர்கள். வாரண்டி முடிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு வழி: வண்டியின் கம்ப்யூட்டர் (ஈசியூ) பதிந்துவைக்கும் கோளாறு கோடைப் படிக்கும் ஸ்கேனரில் தொடங்குவது, மல்டிமீட்டரில் தொடங்குவது.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு அது இல்லாமல் பட்டறை நடத்த முடியாது. ஆனால் அது தருவது புகார் மனு. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பி0562 என்று கோடு வருகிறது. சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். எங்கே, ஏன் குறைந்தது என்று அதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கேரவனுக்கு இந்தக் கோடுதான் வந்தது. ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது, பிறகு வந்தது. ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். மறுபடி வந்தது. அடுத்து ஈசியூவையே மாற்றலாம் என்று விலை சொன்னார்கள். வண்டி ஓடும்போது உள்ளே விளக்கும் ஃபேனும் போட்டால் மட்டுமே இது வருகிறது என்பது டிரைவருக்கு நன்றாகத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பேட்டரி மைனஸில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் ஒரு முனை, வோல்ட்டில் மீட்டர். இன்ஜின் ஓட, எல்லா லோடும் போட்டபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த இடத்தில் 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பாடி கட்டியவர் எர்த் லக்கைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட் முடுக்கியிருந்தார். பார்க்க இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் அடியில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டியதோடு சரி. இதே ஒயரை ஓம்ஸில் வைத்துப் பார்த்திருந்தால் நல்ல ஒயர் என்றுதான் காட்டியிருக்கும். ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டரின் சின்ன கரண்ட் போய்விடும்; லோடு விழும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இன்னொரு தொந்தரவு, பலர் ஸ்கேனரை மாட்டியதும் கோடை அழித்துவிடுவது. கோடு விழுந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிவாகியிருக்கும். அதுவும் கூடவே அழியும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். முதலில் போனில் படம் எடுங்கள்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து வாத்தியாரானவன்; மீட்டர் பக்கம் சாய்வது இயல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் சொல்கிறேன். வந்து போகும் விளக்கில் பார்ட் கெட்டிருப்பதைவிட காண்டாக்ட் கெட்டிருப்பதுதான் அதிகம். மழையில் வந்தால் கப்ளரில் தண்ணீர். மேடு பள்ளத்தில் வந்தால் வயரிங் கிட் எங்கோ உரசுகிறது. சூட்டில் வந்து ஆறியதும் போனால் சால்டரிங்கையும் சென்சாரையும் பாருங்கள். டிரைவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எப்போது, எந்த கியரில், மழையா வெயிலா, என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரைக் குறைந்தது-கூடியது பதியும் நிலையில் வைத்து, கிட்டைச் சாண் சாணாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலை. வீடியோவுக்கு லாயக்கில்லை.

இந்த அலுப்பைத் தாங்குகிறவன் யார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ரேடியோவைக் கழற்றினால் ஸ்குரூவை வரிசையாக எடுத்து வைப்பான். காரணம் தெரியாமல் சரியானால் அவனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட பையனை எந்த கோர்ஸில் போட்டாலும் பிழைத்துக்கொள்வான். மற்றவனுக்கு வேறு எத்தனையோ நல்ல தொழில் இருக்கிறது: பெயின்ட், டிங்கரிங், உதிரிபாக வியாபாரம். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காக இவனை ஒயருக்குள் தள்ளாதீர்கள். கை பழக வருஷம் ஆகும்; அதுவரை வீட்டில் பொறுக்க வேண்டும்.

பையனுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்கிற அப்பாக்களுக்கு நான் சொல்லும் பட்டியல் சின்னது. நல்ல மீட்டர் ஒன்று, டெஸ்ட் லேம்ப் ஒன்று (அதை ஈசியூ, சென்சார் ஒயர்களில் வைக்கவே கூடாது), வேலை பார்க்கும் வண்டியின் வயரிங் டயகிராம். ஸ்கேனரைப் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.