பொந்தை உடைக்காதீர்கள்

வால்பாறை சென்றுவந்த வாசகர் ஒருவர் பதற்றத்துடன் எழுதியிருக்கிறார். தோட்டத்து ஓரத்தில் ஒரு பெரிய மரம். தண்டில் மண் பூசியதுபோல் அடைபட்ட பொந்து, நடுவே மெல்லிய பிளவு. அதில் மஞ்சள் அலகின் நுனி மட்டும் தெரிந்ததாம். 'மாட்டிக்கொண்ட பறவையை ஏணி வைத்து விடுவிக்கலாமா?' என்று கேட்கிறார்.

வேண்டாம். தாங்கள் கண்டது மலை இருவாச்சியின் (அலகின் மேல் இன்னோர் அலகு கவிழ்த்ததுபோல் கொண்டையுள்ள பெரிய காட்டுப் பறவை) கூடு. பெண் பறவை தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்துப் பூசித் தானே உள்ளே அடைந்துகொள்கிறது. ஆனைமலையில் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மே வரை இந்தப் பருவம். உள்ளே இருக்கும்போது சிறகு இறகுகளையும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். அடைப்பை உடைத்தால் சரியாகப் பறக்க முடியாத தாயையும் முட்டையையும் மரநாய்க்குக் காட்டிக்கொடுத்ததாகும். குஞ்சு சற்று வளர்ந்ததும் தாய் வெளியே வரும். குஞ்சு உள்ளிருந்தே பொந்தை மறுபடி பூசி, பிளவை மட்டும் விட்டுவைக்கும். அப்போதும் பதற வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறு. தாய் உள்ளே இருக்கும் நாளெல்லாம் உணவு கொண்டுவருவது ஆண் பறவை ஒன்றுதான். தூரத்திலேயே ரயில் எஞ்சின் இரைவதுபோல் சிறகோசை கேட்கும். தொண்டையில் நிரப்பி வந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொணர்ந்து, அலகு நுனியில் பிடித்துப் பிளவுக்குள் நீட்டும். மரத்தடியில் ஆள் நின்றால் இது நடக்காது.

அறிகுறிகளைக் கவனியுங்கள். ஆண் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தபடி கூட்டுக்கு வராமல் இருக்கிறதா? கரகரத்த குரலில் திரும்பத் திரும்பக் கத்துகிறதா? பிளவில் தெரிந்த அலகு உள்ளே போய்விட்டதா? காரணம் பெரும்பாலும் நீங்கள்தான். உடனே விலகிவிடுங்கள்.

மரத்தடியில் பழ விதைகளும் எச்சமும் சிதறிக் கிடந்தால் மேலே கூடு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 50 மீட்டர் தள்ளி மறைவாக நில்லுங்கள். கால் மணி நேரம் போதும். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, பறக்கும் படத்துக்காகக் கல் எறிவது, கூட்டின் இடத்தைச் சமூக வலைதளத்தில் போடுவது, மூன்றும் கூடாது. கடைசியாகச் சொன்னதைத்தான் நல்லவர்களும் செய்கிறார்கள். அந்தத் தகவல் வேட்டைக்காரர்களுக்கும் போய்ச் சேரும். இருவாச்சிக் கொழுப்பு மூட்டுவலியைத் தீர்க்கும் என்பது கட்டுக்கதை. யாராவது விற்க வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது.

தரையில் குஞ்சு கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பிஸ்கட்டும் வேண்டாம். நாய், பூனை அணுகாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்காக. அண்ணாந்து பார்ப்பவருக்குப் பின்னால் நிற்பது தெரியாது. தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடு சத்தமில்லாமல் வந்து மேயும். பார்த்துவிட்டால் கத்தவோ ஓடவோ வேண்டாம்; அது போகும் வழியை மறிக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். யானைகளும் நடமாடும் இடம் என்பதால், எத்தனை நல்ல காட்சியாக இருந்தாலும் இருட்டுவதற்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.