டி.சி. கையில், பிளேட் எங்கே?

இரும்பு பிளேட்டைப் பார்த்தே தரம் சொல்ல யாராலும் முடியாது. இ250 பிளேட்டும் இ350 பிளேட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் அதே கருநீலத் தோல், அதே எடை, தட்டினால் அதே ஓசை. ஆனால் ஒன்று 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். மற்றது 350 வரை தாங்கும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் கர்டர் வடிவமைக்கப்படுகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள பட்டறைகளில் கிடங்குக் கூரை, ஆலைக்கான தாங்கு சட்டங்கள், பாலத்துக்கான கர்டர் என்று தரம் பார்த்து வந்த அனுபவத்தில், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

ஹீட் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

லோடு இறங்கும்போதே "சார், டி.சி. இருக்கு" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். டெஸ்ட் சர்டிஃபிகேட் என்பது நிலப் பத்திரம் போன்றது. அதிலுள்ள ஹீட் எண், அதாவது எஃகு உருக்கிய வார்ப்பின் எண்தான், சர்வே எண். பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்தச் சர்வே எண் நம் காலடி மண்ணுக்கு உரியதா என்று பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. பிளேட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு பிளேட்டிலும் அடித்திருக்கும் ஹீட் எண், பிளேட் எண், தரம் மூன்றையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். காகிதத்தில் ஐ.எஸ். 2062 என்ற தரநிலை எண் மட்டும் இருந்தால் போதாது, இ350 பி.ஆர். என்பது போலத் தரமும் உட்பிரிவும் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எண்ணைக் குத்திவிட்டு வெட்டுங்கள்

ஒரு பிளேட்டை நான்காக வெட்டினால் ஒரு துண்டில்தான் எண் இருக்கும். மற்ற மூன்றும் அந்த நிமிடமே அநாதை. அதனால் கேஸ் கட்டிங் தொடங்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் ஹீட் எண்ணைப் பதிக்க வேண்டும், அதுவும் பஞ்ச் அடித்து. சாக்பீஸும் பெயின்டும் போதும் என்பவர்களுக்கு 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நினைவூட்டுவேன். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, ரயில்கள் நின்றன. அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒரு யார்டில் பிளேட்டுகளைப் பார்த்தேன். பஞ்ச் அடித்தவை சேற்றைக் கழுவியதும் தங்கள் எண்ணைச் சொல்லின. சாக்பீஸ் குறியோடு இருந்த துண்டுகளை யாராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. அவற்றில் மாதிரி வெட்டி மறுபடியும் சோதிக்க வேண்டியதாயிற்று.

தடிமனோடு சேர்த்துப் படியுங்கள்

இ350 என்றால் எல்லாத் தடிமனிலும் 350 அல்ல. 20 மி.மீ.க்குக் குறைவான பிளேட்டுக்கு 350. 20 முதல் 40 மி.மீ. வரை 330, அதற்கு மேல் 320. இது ஏமாற்று அல்ல, தரநிலையே அனுமதிப்பது. தடித்த பிளேட் உருட்டாலையில் குறைவாக நசுங்குகிறது, மெதுவாகக் குளிர்கிறது. அதனால் உள்ளே படிக மணிகள் பெரிதாகின்றன. வடிவமைப்பாளர் 25 மி.மீ. ஃபிளேஞ்சுக்கும் 350 என்றே கணக்குப் போட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை.

எடையையும் விடாதீர்கள். 10 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் 706.5 கிலோ. எடை மேடைச் சீட்டோடு இதை ஒப்பிட்டால் தடிமன் குறைந்த லோடு அங்கேயே தெரியும்.

"நம்ம ஊர்ல குளிரே இல்லையே சார்"

குளிரில் எஃகு நொறுங்குமா என்று காட்டும் சார்பி சோதனையைப் பற்றிப் பேசினால் வரும் பதில் இது. 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம் உள்ள துண்டில் 2 மி.மீ. வெட்டுக் கொடுத்து, ஊசல் சுத்தியலால் உடைப்பது சார்பி. இ350 பிளேட் உடைய சராசரி 27 ஜூலாவது வேண்டும். மூன்று துண்டுகளில் எதுவும் அந்த அளவின் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. பி.ஆர். என்றால் அறை வெப்பநிலையில், பி0 என்றால் 0 டிகிரியில், சி என்றால் மைனஸ் 20 டிகிரியில்.

மெல்போர்னில் 1961இல் திறந்த கிங் ஸ்ட்ரீட் பாலம் உயர்வலிமை எஃகு பிளேட்டால் ஆனது. 1962 ஜூலை 10 அன்று, குளிர்ந்த காலையில், 45 டன் வண்டி ஏறியபோது கர்டர்கள் விரிசல் விட்டு உடைந்தன. குளிரை மட்டும் காரணமாகச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கவர் பிளேட்டின் குறுக்கு வெல்டிங் ஓரங்களில் பட்டறையிலேயே விரிசல் விழுந்திருந்தது. எஃகில் கார்பனும் மாங்கனீசும் கூடுதலாக இருந்ததால் வெல்டிங்குக்கு அது ஒத்துழைக்கவில்லை. அந்த விரிசல் விழுப்புரத்து வெயிலிலும் விழும்.

அதனால் டி.சி.யில் ஈல்டுக்கு, அதாவது பிளேட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவுக்கு, முன்பு கார்பன் ஈக்விவலன்ட்டைப் பாருங்கள். மாங்கனீசை 6ஆல் வகுத்துக் கார்பனோடு கூட்டுங்கள். கார்பன் 0.18, மாங்கனீசு 1.45 என்றாலே 0.42 ஆகிவிடும். குரோமியம், மாலிப்டினம், வெனேடியம் மூன்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு இரண்டின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் சேர்க்க வேண்டும். இ350 பி.ஆர்.க்கு உச்சவரம்பு 0.47. அதை நெருங்கினால் முன்சூடு கொடுங்கள். லோ ஹைட்ரஜன் ராடை ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு பயன்படுத்துங்கள். மரக்காணம் பக்கத்துக் கடற்காற்றில் திறந்து கிடக்கும் பாக்கெட் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன்தான் வெல்டிங் ஆறிய பிறகு விரிசலாக வெளிப்படுகிறது.

கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்து இந்தக் கணக்கை முடிக்க முடியாது. அது கார்பனைக் காட்டாது. தீப்பொறி ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும்.

உள்ளே இருக்கும் அடுக்கு

பிளேட்டுக்கு நடுவே லேமினேஷன் இருந்தால் இழுவைச் சோதனையில் அது தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்தச் சோதனை பிளேட்டின் தளத்துக்கு இணையாக இழுக்கிறது. டி மூட்டில் பிளேட் தடிமன் திசையில் இழுபடும்போதுதான் அது பிளக்கும். அப்படி இழுபடும் பிளேட்டுகளுக்கு யு.டி. (அல்ட்ராசோனிக்) சோதனை கேட்டு வாங்குங்கள். கேஸ் கட்டிங்கில் சுடர் திடீரென்று திரும்பி அடித்தாலோ, வெட்டு முகத்தில் கோடு தெரிந்தாலோ வேலையை நிறுத்திப் பாருங்கள்.

வலிமை கூடினால் விறைப்பு கூடாது

இ250க்குப் பதில் இ350 போட்டுத் தடிமனைக் குறைத்தால் இரும்பு மிச்சம் என்பது பாதி உண்மை. இரண்டுக்கும் மீள்மைக் கெழு ஏறத்தாழ 2 லட்சம் மெகாபாஸ்கல்தான். மெலிந்த கர்டர் கூடுதலாகத் தொய்யும், வெப் எளிதில் நெளியும். வெல்டிங் மூட்டின் களைப்பு ஆயுளும் தரம் கூடியதால் கூடுவதில்லை. வண்டி ஓடும் பாலத்திலும் கிரேன் ஓடும் கூடத்திலும் இதை மறக்கக்கூடாது.

எங்கே சோதிப்பது?

நம்பத்தக்க அறிக்கைக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை நாடுங்கள். நமக்குச் சென்னை பக்கம். மாதிரி வெட்டும்போது நீங்களே நின்று, உங்கள் முத்திரையைப் பஞ்ச் அடித்து அனுப்புங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு முறையாவது இழுவைத் துண்டு கழுத்து மெலிந்து அறுவதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டி.சி.யிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் இருப்பது புரியும். அந்தப் பொருளைப் பிளேட்டோடு கட்டி வைப்பது ஹீட் எண் மட்டுமே. அது இல்லாத பிளேட்டை எவ்வளவு அவசரமானாலும் கர்டரில் ஏற்றாதீர்கள்.