வட்டக் குழிக்கு எத்தனை மூட்டை?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஷீட் போட்டு மாட்டுக்கொட்டகை அமைக்கிறோம். 12 இரும்புக் குழாய்த் தூண்கள். ஒவ்வொன்றுக்கும் டிராக்டர் மெஷினால் ஒன்றரை அடி விட்டம், மூன்றடி ஆழத்தில் வட்டக் குழி எடுக்கப் போகிறோம். 20 மூட்டை சிமெண்ட், ஒரு யூனிட் ஜல்லி வேண்டும் என்கிறார் மேஸ்திரி. அவ்வளவு தேவையா?

- வாசகர், பென்னாகரம்

பதில்: மேஸ்திரி உங்கள் குழியைச் சதுரமாக நினைத்துக் கணக்குப் போட்டிருக்கலாம். ஒன்றரைக்கு ஒன்றரை, ஆழம் மூன்று என்று பெருக்கினால் குழிக்கு 6.75 கன அடி, 12 குழிக்கு 81 கன அடி வரும். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி) அதற்கு ஏறக்குறைய 19 மூட்டை ஆகும். வட்டக் குழிக்கு அந்தப் பெருக்குத்தொகையை 0.785 ஆல் பெருக்க வேண்டும். அப்போது குழிக்கு 5.3 கன அடிதான், மொத்தம் 64. மெஷின் எடுக்கும் குழியில் வாய் கொஞ்சம் சரியும், கலவையும் சிந்தும். அதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 70 கன அடி என்று வையுங்கள்.

இதே கலவையில் 100 கன அடி கான்கிரீட்டுக்குச் சுமார் 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். உங்களுக்கு 16 மூட்டை, 30 கன அடி எம்-சாண்ட், 60 கன அடி ஜல்லி போதும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அவ்வளவு ஜல்லி வேண்டாம்.

விட்டத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒன்றரை அடி இரண்டடியானால் குழிக்கு 9.4 கன அடி, ஏறக்குறைய இரு மடங்கு. ஆழம் கூடினால் செலவு அதே விகிதத்தில்தான் கூடும்.

அதற்காக ஆழத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கோடை மழைக்கு முன் வீசும் காற்று, நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்குள் புகுந்து ஷீட்டை மேலே தூக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது அடியில் இருக்கும் எடைதான். 5.3 கன அடி கான்கிரீட் சுமார் 360 கிலோ. குழியின் அடியில் கெட்டி மண் கிடைத்தால் போதும். குழாயின் அடியில் குறுக்காக இரண்டு கம்பித் துண்டுகளை வெல்டிங் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் அசையாமல் இருக்க, குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

மாட்டுக்கொட்டகை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோமியமும் கழுவுநீரும் தேங்கினால் குழாய் தரைமட்டத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரை அடி உயர்த்தி, தலையைச் சரிவாகப் பூசுங்கள். இதற்கு 10 கன அடி சொச்சம் கூடும். சிமெண்ட் 19 மூட்டை, எம்-சாண்ட் 34, ஜல்லி 68 கன அடி ஆகும். மேஸ்திரி சொன்ன 20 மூட்டைக்குள் இது முடிந்துவிடும். நான் கட்டினால் இப்படித்தான் கட்டுவேன்.

தண்ணீரை அள்ளி ஊற்றவிடாதீர்கள். இந்தக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பத்து நாளாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். முதலில் 12 குழிகளையும் எடுத்து, ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து கூட்டுங்கள். சரக்குக்கு அதன் பிறகு சொல்லி அனுப்புங்கள்.